டூம் வருவதற்குள் எதைப் படிப்பது, எதை விடுவது

2026 டிசம்பர் 18 அன்று மார்வெலின் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படம் வருகிறது, டாக்டர் டூம்தான் வில்லன். முதலில் மே 1 என்றுதான் சொல்லியிருந்தார்கள், அப்புறம் ஏழு மாதத்துக்கு மேல் தள்ளிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆபீசில், வீட்டில், கல்யாணப் பந்தியில்கூட என்னைப் பிடித்து "யாருப்பா இந்த டூம், அயர்ன் மேனா நடிச்சவரே எப்படி வில்லனா வர்றார், எதைப் படிச்சா புரியும்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கிடைத்ததே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் தட்டிக் கட்டைவிரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

படங்களைப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் காமிக்ஸ் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை என்றால் இது உங்களுக்கு. என் பட்டியலில் மொத்தம் 20 இதழ்கள், ஒரு கிராஃபிக் நாவல், அவ்வளவுதான். அறுபது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கும் ஆள் என்பதால் எல்லாவற்றையும் படிக்கிறேன் என்று இறங்கினால் கரையேற முடியாது. வேறொரு ரசிகர் வேறு பட்டியல் கொடுப்பார், கொடுக்கட்டும்.

முதலில், எங்கே தொடங்கக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த அவெஞ்சர்ஸ் படத்தின் பெயர் 'சீக்ரெட் வார்ஸ்', 2027 டிசம்பர் 17இல் வருகிறது, அதே பெயரில் காமிக்ஸ் இருக்கிறது, அப்படியானால் நேரே அதையே படித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2015இல் வந்த அந்த 'சீக்ரெட் வார்ஸ்' முதல் இதழைத் திறந்தால் இரண்டு பூமிகள் மோதிக்கொண்டிருக்கின்றன, ஐம்பது பேர் பறக்கிறார்கள், யார் எந்த உலகம், எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று தலைகால் புரியவில்லை. மூடி வைத்தவன் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். அது ஒரு நீண்ட தொடரின் கிளைமாக்ஸ். கிளைமாக்ஸை முதலில் பார்த்துவிட்டுப் படம் புரியவில்லை என்றால் அது படத்தின் தப்பு இல்லை.

இன்னொரு கூத்தும் நடந்தது. அதே புத்தகத்தை அச்சில் வாங்கலாம் என்று ஓர் ஆன்லைன் கடையில் ஆர்டர் போட்டேன். பெட்டியைப் பிரித்தால் 1984 'சீக்ரெட் வார்ஸ்'. பெயர் ஒன்றே, கதை வேறு, எழுதியவர் வேறு, இடையில் முப்பது வருஷம். விற்றவரைத் திட்டலாம், ஆனால் அட்டையில் எழுத்தாளர் பெயரைப் பார்க்காமல் ஆர்டர் போட்டது நான்தான். ஆகவே மார்வெல் காமிக்ஸ் வாங்கும்போது தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள். எழுதியவர் யார், முதலில் வந்த ஆண்டு எது என்று இரண்டையும் பாருங்கள். மார்வெலுக்கு ஒரு தொடரைப் பாதியில் நிறுத்தி மறுபடி 1ஆம் எண்ணிலிருந்து தொடங்கும் வழக்கம் உண்டு. சில சமயம் நடுவில் பழைய கணக்குக்குத் தாவும், 2003இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' (ரீட், சூ, ஜானி, பென் என்ற நால்வர் குழுவின் தொடர், டூம் இவர்களுடைய எதிரி) 70ஆம் இதழுக்கு அடுத்தது 500ஆம் இதழ். எண்ணைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் நான் படிக்கச் சொல்லும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழ்கள் எல்லாமே 1961இல் தொடங்கிய முதல் தொடர்தான். சந்தா கட்டிப் படிக்கிற மார்வெல் அன்லிமிட்டட் ஆப்பில் தேடினாலும் 1961 என்று போட்டிருப்பதைத்தான் தொட வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? 1964இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஆண்டு மலர் 2. டூம் முதன்முதலில் தோன்றியது அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1962இல், 5ஆம் இதழில். வரிசைப்படி பார்த்தால் அதுதான் முதல். ஆனால் அவன் யார், ஏன் இப்படி ஆனான் என்பதை, அவனை உருவாக்கிய ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் முழுசாகச் சொன்னது ஆண்டு மலரில்தான், அதுவும் வெறும் 12 பக்கத்தில். மெதுவாகப் படியுங்கள், இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் 12 பக்கத்தைச் சுற்றித்தான் ஓடப்போகிறது.

லாட்வேரியா என்று ஒரு சின்ன ஐரோப்பிய நாடு, கற்பனை நாடுதான். அங்கே ரோமா மக்கள் கூட்டத்தில் ஒரு வைத்தியர், பெயர் வெர்னர். நாட்டை ஆளும் பிரபு தன் மனைவிக்கு வைத்தியம் பார்க்க அவரை இழுத்துப் போகிறான், அந்தம்மாள் பிழைக்கவில்லை. தலை தப்பாது என்று தெரிந்து வெர்னர் மகனைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடுகிறார். தன் மேலங்கியைக் கழற்றி மகனுக்குப் போர்த்திவிட்டு அவர் குளிரில் விறைத்துச் செத்துப்போகிறார். அந்த மகன் விக்டர். தாய் சிந்தியா முன்பே இறந்துவிட்டாள், அவள் மந்திரவாதி என்பது அவனுக்குத் தெரிவதே அவள் விட்டுப்போன பெட்டியைத் திறக்கும்போதுதான். அப்பா வழியில் அறிவியல், அம்மா வழியில் மந்திரம், இரண்டையும் கற்றுக்கொண்டு பணக்காரர்களை ஏமாற்றிப் பிழைக்கிற பையனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வருகிறது. அங்கே இன்னொரு கெட்டிக்காரப் பையன், ரீட் ரிச்சர்ட்ஸ், பின்னாளில் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் தலைவன். "ஒரே அறையில் தங்கலாமா" என்று ரீட் கையை நீட்டுகிறான். விக்டர் மறுத்துவிடுகிறான்.

அடுத்து வருவதுதான் முக்கியம். விக்டரின் அறையில் கிடக்கும் தாள்களை ரீட் தற்செயலாகப் பார்க்கிறான். அதில் ஒரு இயந்திரத்துக்கான கணக்கு இருக்கிறது, ஒன்றிரண்டு தசமப் புள்ளிகள் இடம் மாறியிருக்கின்றன. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறான். என் அறையில் உனக்கென்ன வேலை என்று விக்டர் அவனை வெளியே தள்ளுகிறான். திருப்பிச் சரிபார்க்கவில்லை. இயந்திரம் வெடிக்கிறது, முகம் போகிறது, பல்கலைக்கழகமும் அவனை வெளியே தள்ளுகிறது. அலைந்து திரிந்து திபெத் மலையில் துறவிகளிடம் போய்ச் சேர்கிறான், அவர்கள் அவனுக்குக் கவசம் செய்கிறார்கள். முகமூடி உலையிலிருந்து வந்து இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்கிறார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை, இப்போதே மாட்டுங்கள் என்கிறான்.

அந்தக் கட்டத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எதிரி யாரும் பக்கத்தில் இல்லை, சண்டை இல்லை, அவசரம் எதுவும் இல்லை. சுடச்சுட இரும்பை முகத்தில் ஒட்டிக்கொள்வதை விட, இரண்டு நிமிஷம் காத்திருப்பது அவனுக்கு அவமானமாகப் படுகிறது. தசமப் புள்ளியைத் திருத்த மறுத்தவனும் சூட்டு முகமூடியைக் கேட்டவனும் ஒரே ஆள் என்பது பிடிபட்டுவிட்டால் டூம் என்ற பாத்திரம் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிர்பி பிற்காலத்தில் ஒரு கருத்து வைத்திருந்தார்: வெடிப்பில் விழுந்தது ஒரு சின்னத் தழும்புதான், தான் குறையே இல்லாதவன் என்று நினைத்தவனுக்கு அந்தச் சின்னக் கோட்டையே தாங்க முடியவில்லை. ஜான் பைர்ன் 1985இல் 278ஆம் இதழில் இதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார்: சின்னத் தழும்போடு இருந்த முகத்தை உண்மையிலேயே சிதைத்தது அந்தச் சூடான முகமூடி. அதாவது அவனே.

ஆண்டு மலரை முடித்த கையோடு 5ஆம் இதழ். 1964 ஆண்டு மலரிலேயே அதையும் மறுபதிப்பாகச் சேர்த்திருந்தார்கள், ஆனால் நீங்கள் கையில் எடுக்கும் பதிப்பில் இருக்குமா என்பது சொல்ல முடியாது, தனியாகத் தேடிக்கொள்ளுங்கள். இதில் பெரிய ஆழமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். டூம் சூ ஸ்டார்மைப் பிணைக்கைதியாக வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் கால இயந்திரத்தில் அனுப்புகிறான், எதற்கு? கடற்கொள்ளையன் பிளாக்பியர்டின் புதையல் பெட்டியைக் கொண்டுவர. போன இடத்தில் பென் கிரிம் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு தானே பிளாக்பியர்ட் ஆகிவிடுகிறான். சிரித்துக்கொண்டே படிக்கலாம். கதைத் தொடக்கத்தில் ஜானி கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், அப்போதுதான் வெளிவந்த ஹல்க் காமிக்ஸ். கதைக்குள் தன் விளம்பரத்தைத் தானே செய்துகொள்வது மார்வெலுக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. அட்டையில் ஜூலை 1962 என்று இருக்கும், கடைக்கு வந்தது சில மாதம் முன்னாலேயே. அந்தக் கால அமெரிக்கக் காமிக்ஸ் எல்லாவற்றிலும் அப்படித்தான், தேதிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

1960களின் காமிக்ஸைப் படிப்பதற்கே ஒரு பழக்கம் வேண்டும், நிறையப் பேர் இங்கேதான் கைவிட்டு ஓடுகிறார்கள். படத்தில் ஒருவன் கதவைத் திறப்பான், மேலே கட்டத்தில் "அவன் கதவைத் திறக்கிறான்" என்று எழுதியிருக்கும், பலூனில் அவனே "இந்தக் கதவைத் திறக்கிறேன்" என்று சொல்வான். எரிச்சலாகத்தான் இருக்கும். நான் செய்வது இதுதான்: முதல் தடவை கட்டத்தில் உள்ள எழுத்தை விட்டுவிட்டு, படத்தையும் பலூனையும் மட்டும் பார்த்துப் போய்விடுவேன், பிடித்த பக்கங்களுக்கு மட்டும் திரும்பி வந்து முழுசாகப் படிப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு இதழ்களுக்கு மேல் வேண்டாம், திகட்டிவிடும். டூம் பேசும் பலூன்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவன் தன்னை 'நான்' என்று சொல்வதை விட 'டூம்' என்று சொல்வதுதான் அதிகம். நம் பழைய படங்களில் நம்பியார் கையைப் பிசைந்தால் ஏதோ சதி நடக்கிறது என்று அர்த்தம், டூம் கையைப் பிசையவே மாட்டான். அவன் சதி செய்வதாக அவனுக்கே தோன்றுவதில்லை, அரசாணை போடுவதாகத்தான் நினைக்கிறான்.

அடுத்து 57 முதல் 60 வரை, நான்கு இதழ்கள், 1966 கடைசியிலிருந்து 1967 தொடக்கம் வரை. வெள்ளி நிறத்தில் பலகை மேல் பறக்கிற சில்வர் சர்ஃபரை லாட்வேரியாவுக்கு விருந்தாளியாக அழைத்து, நயமாகப் பேசி, அவன் சக்தியை டூம் திருடிக்கொள்கிறான். அண்ட சக்தி கையில் வந்தவுடன் என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். ஊர் ஊராகப் பறந்து பயம் காட்டுகிறான், ஃபென்டாஸ்டிக் ஃபோர் வீட்டு வாசலில் போய் வம்பு இழுக்கிறான், ஆனால் அவர்களை முடித்துவிடாமல் விட்டுவிட்டுப் போகிறான். செத்துப்போனால் அவன் ஜெயித்ததை யார் பார்ப்பது? கடைசியில் ரீட் அவனை வீழ்த்துவது பலத்தால் அல்ல, அந்த அகந்தையைத் தூண்டில் புழுவாக்கித்தான். எப்படி என்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன ஓய்வு. 1973இல் வந்த 'லூக் கேஜ், ஹீரோ ஃபார் ஹயர்' 8, 9. கூலிக்கு வேலை செய்யும் கேஜை வைத்து டூம் தன் ஓடிப்போன ரோபோக்களைப் பிடிக்கிறான், பேசிய கூலி 200 டாலர். வேலை முடிந்ததும் காசு கொடுக்காமல் ஊருக்குப் போய்விடுகிறான். நாட்டின் சர்வாதிகாரி, மாபெரும் விஞ்ஞானி, மந்திரவாதி, 200 டாலர் பாக்கி. கேஜ் சும்மா விடுவானா, ஃபென்டாஸ்டிக் ஃபோரிடம் விமானத்தை இரவல் வாங்கிக்கொண்டு லாட்வேரியாவுக்கே பறந்து போய், அரண்மனைக்குள் புகுந்து, "என் காசு எங்கே" என்று நிற்கிறான். வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் வந்து உட்கார்ந்த மாதிரி. காசையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறான். படத்துக்கு இது எந்த விதத்திலும் தேவையில்லை, இருந்தாலும் பட்டியலில் வைத்திருக்கிறேன். இவ்வளவு பெரிய வில்லனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும் என்பது தெரிய வேண்டும்.

அப்புறம் ஜான் பைர்ன். 1981 முதல் 1986 வரை 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடரை எழுதியதும் வரைந்ததும் அவர். அதில் மூன்று இதழ்கள் போதும்: 247, 258, முன்பே சொன்ன 278. 247இல் டூமை விரட்டிவிட்டு வேறொருவன் லாட்வேரியாவை ஆள்கிறான், இளவரசன் ஜோர்பா, ஜனநாயகம் தருகிறேன் என்று வந்தவன். டூம் ஃபென்டாஸ்டிக் ஃபோரையே தன் நாட்டுத் தெருக்களில் நடக்க வைத்துக் காட்டுகிறான்: பாருங்கள், நான் இருந்தபோது எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது. மக்கள் அவனைப் பார்த்ததும் காலில் விழாத குறை. நல்லவர்கள் நால்வரும் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அவன் ஆட்சியில் பசி இல்லை, பயம் உண்டு, எதிர்த்துப் பேச வாய் இல்லை. அந்த விலைக்கு அது சரியா என்று இதழ் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லாது. டூமை வைத்து நல்ல படம் எடுக்க வேண்டும் என்றால் இந்தச் சங்கடம் அதில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வானத்தில் ஓட்டை போட்டு ஒளிக்கற்றையை விடுகிற வில்லன்களை நாம் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது.

258இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் வருவதே இல்லை, முழுக்க டூமின் நாள்தான். அதில் ஒரு குறும்பு. அதற்கு முன்பு 1981இல் எக்ஸ்-மென் கதை ஒன்றில் ஆர்கேட் என்ற சில்லறை வில்லன் டூமின் கவசத்தில் தீக்குச்சியை உரசிப் பற்றவைப்பான், டூமும் விட்டுவிடுவான். பைர்னுக்கு அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. 258இல் டூம் ஒரு ரோபோவை விசாரிக்கிறான், தீக்குச்சி உரச விட்டது இந்த ரோபோதான், நான் அல்ல என்று சொல்லி அதை அழித்துவிடுகிறான். டூம் மாதிரியே இருக்கும் இந்த ரோபோக்களுக்கு டூம்பாட் என்று பெயர். புதியவர்கள் இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், டூம் எங்காவது செத்தாலோ கேவலப்பட்டாலோ "அது டூம்பாட்" என்று சொல்லித் தப்பிக்கும் வழி எழுத்தாளர்களுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது. படத்திலும் டூம் சீக்கிரமாக, சுலபமாக வீழ்ந்துவிட்டால் கைதட்டுவதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

பட்டியலில் உள்ள ஒரே கிராஃபிக் நாவல் 1989இல் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் டாக்டர் டூம்: ட்ரையம்ஃப் அண்ட் டார்மென்ட்'. எழுதியவர் ரோஜர் ஸ்டெர்ன், வரைந்தவர் மைக் மிக்னோலா, பின்னாளில் ஹெல்பாயை உருவாக்கினாரே அவர்தான். டூமின் தாய் சிந்தியாவின் ஆன்மா மெஃபிஸ்டோவின் நரகத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, கோடையின் நடுவில் ஓர் இரவில், டூம் அவளுக்காகச் சண்டை போடுகிறான், வருஷா வருஷம் தோற்கிறான். இந்தத் தடவை டாக்டர் ஸ்ட்ரேஞ்சையும் கூட்டிக்கொண்டு நரகத்துக்கே இறங்குகிறான். முடிவைச் சொல்ல மாட்டேன். டூம் கதைகளில் எனக்குத் தெரிந்து இதுதான் உச்சம், எதையும் படிக்க நேரமில்லை என்று சொன்ன என் தங்கைக்கு இதை மட்டும் கொடுத்தேன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "ஏண்ணா இப்படி அழ வைக்கிறே" என்று மெசேஜ் வந்தது.

வில்லன் பக்கம் நின்று கதை படிப்பது தமிழ்க் காமிக்ஸ் ரசிகர்களுக்குப் புதுசு இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் யார்? குற்றச் சக்கரவர்த்தி. உலகத்துத் திருடர்களுக்கெல்லாம் தலைவனாக நினைத்துக் கிளம்பியவன், பின்னால்தான் நல்லவன் பக்கம் வந்தான். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் மூலக் கதையில் தொடங்கும்போது நல்லவன் இல்லை. அவர்களை வளர்த்துவிட்ட வாசகனுக்கு டூமைப் புரிந்துகொள்வதில் என்ன சிரமம் இருக்கப்போகிறது?

இவ்வளவும் முடித்த பிறகு 'சீக்ரெட் வார்ஸ்'. 1984இல் தொடங்கிய 12 இதழ்த் தொடர் கட்டாயம் இல்லை. அது மாட்டெல் கம்பெனியின் பொம்மைகளோடு சேர்த்து விற்கப் பிறந்த கதை, ஸ்பைடர்மேனுக்குக் கறுப்பு உடை கிடைத்தது அதில்தான். ஆசை இருந்தால் கடைசி மூன்று இதழ்களைப் புரட்டுங்கள், பியாண்டர் என்ற அளவிட முடியாத சக்தியிடமிருந்து டூம் அந்தச் சக்தியையே பறித்துக்கொள்கிறான். என்னை மாதிரி தப்பாக வாங்கிவிட்டவர்கள் இப்படி மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

நம் பட்டியலில் இருப்பது 2015 மே முதல் 2016 ஜனவரி வரை வந்த ஒன்பது இதழ்கள், ஜொனாதன் ஹிக்மன் எழுத்து, எசாட் ரிபிச் ஓவியம். அதற்கு முன்பு ஹிக்மன் எழுதிய அவெஞ்சர்ஸ் தொடர்களைப் படிக்காமல் உள்ளே போக இதைத் தெரிந்துகொண்டால் போதும்: வெவ்வேறு அண்டங்களின் பூமிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, மோதினால் இரண்டு அண்டமும் அழியும், ஒரு பூமியை அழித்தால் மற்றது தப்பும். இதற்குப் பெயர் இன்கர்ஷன். எல்லாம் அழிந்து முடிகிற நேரத்தில் டூம் மிச்சம் மீதியைத் தைத்து ஒட்டுப்போட்டு ஒரே உலகமாக்குகிறான், அதுதான் பேட்டில்வேர்ல்ட். அந்த உலகத்துக்கு அவனே கடவுள், அவனே சக்கரவர்த்தி. ரீடின் மனைவி சூ இப்போது அவன் மனைவி, ரீடின் பிள்ளைகள் அவன் பிள்ளைகள். ஜானியை வானத்தில் சூரியனாக எரிய விட்டிருக்கிறான். ரீட் மட்டும் அந்த உலகத்தில் கிடையாது. எல்லாம் செய்ய முடிந்த அந்தக் கடவுள் இன்னும் முகமூடியோடுதான் திரிகிறான், முகத்தை மட்டும் சரிசெய்துகொள்ளவில்லை.

ஒன்பதாம் இதழில் ரீடும் டூமும் கைகலக்கிறார்கள். அந்த அடிதடிக்கு நடுவே டூம் வாய்விட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறான். தசமப் புள்ளி தப்பு என்று 1964இல் ஒருவன் சொன்னதற்கு, 2016இல் கிடைத்த பதில் அது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் படிக்கிறவனுக்கு அது சண்டையின் திருப்பம், அவ்வளவுதான். ஆண்டு மலரைப் படித்துவிட்டு வந்தவன் அந்தப் பக்கத்தைத் திருப்ப மாட்டான், கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். நான் உங்களைப் பின்வாசல் வழியாகச் சுற்றிக் கூட்டிவந்தது இதற்காகத்தான்.

இனி படங்கள். 2005, 2007, 2015இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் படங்களில் டூம் இருக்கிறான், விட்டுவிடலாம், மூன்றிலுமே லாட்வேரியாவின் அரசனைப் பார்க்க முடியாது. 1994இல் ஒன்று எடுத்தார்கள், அது தியேட்டருக்கே வரவில்லை. பார்க்க வேண்டியவை: டோனி ஸ்டார்க் எப்படி முடிந்தான் என்பதற்கு 'எண்ட்கேம்' (2019), இன்கர்ஷன் என்ற சொல்லுக்கு 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் இன் த மல்டிவர்ஸ் ஆஃப் மேட்னெஸ்' (2022), பிறகு 2025இல் வந்த 'தண்டர்போல்ட்ஸ்', 'த ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்'. கடைசி இரண்டிலும் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸில் பச்சை அங்கி போட்ட ஒருவன் ரீட், சூவின் குழந்தை ஃபிராங்ளின் முன்னால் முழங்காலிட்டிருக்கிறான், முகமூடி கையில் இருக்கிறது, முகத்தை நமக்குக் காட்டவில்லை. அவ்வளவுதான், அதற்கே என் பக்கத்து சீட் பையன் இருக்கை மேல் ஏறிவிட்டான்.

ராபர்ட் டவுனி ஜூனியர் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் பச்சை அங்கி போட்ட கூட்டத்திலிருந்து ஒருவர் முகமூடியைக் கழற்றினார், அவர்தான். அதற்கு முன்பு அந்தப் பெரிய வில்லன் இடத்துக்குக் காங் என்ற பாத்திரத்தை வைத்துப் படத்துக்குப் பெயர்கூட அறிவித்திருந்தார்கள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 மார்ச்சில் நாற்காலிகளின் முதுகை ஒவ்வொன்றாகக் காட்டி நடிகர் பட்டியலை அறிவித்தார்கள், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, நானும் வேலைக்கு நடுவில் அதைப் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. டூம் என்பது வேறொரு உலகத்து டோனிதான் என்று அடித்துச் சொல்கிற வீடியோக்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கும். காமிக்ஸில் 2016இல் டூமே அயர்ன் மேனாகக் கொஞ்ச நாள் இருந்திருக்கிறான் என்பதால் ஆதாரமே கிடைத்துவிட்டது போலப் பேசுவார்கள். ஆதாரம் இல்லை, ஆசை. எனக்குக் கேட்டால் அவன் விக்டராகவே இருக்கட்டும், டோனியின் முகத்தைக் கடன் வாங்கினால் தசமப் புள்ளிக் கதை காணாமல் போய்விடும்.

ஒன்றை மட்டும் எச்சரித்து வைக்கிறேன், காமிக்ஸை விடைத்தாளாக நினைத்துத் தியேட்டருக்குப் போகாதீர்கள். தானோஸ் 1991 காமிக்ஸில் பாதி உயிர்களை அழித்தது மரணதேவதையின் காதலைப் பெறுவதற்கு. படத்தில் அதை வளப் பற்றாக்குறை என்று மாற்றினார்கள், மாற்றியும் நன்றாகத்தான் இருந்தது. டிரெய்லரையும் நம்பாதீர்கள், 'இன்ஃபினிட்டி வார்' டிரெய்லரில் எல்லோரோடும் சேர்ந்து வகாண்டாவில் ஓடிவந்த ஹல்க் படத்தில் அந்தக் காட்சியிலேயே கிடையாது. டிரெய்லரை நிறுத்தி நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். படம் வரும் வாரம் போனில் 'டூம்', 'டூம்ஸ்டே' இரண்டு சொல்லையும் மியூட் பண்ணிவிடுங்கள், வெளிநாட்டில் முன்கூட்டியே பார்க்கிறவர்கள் கைசும்மா இருக்க மாட்டார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கே போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்களுக்கு வேறு கவலை, விசில் சத்தத்தில் வசனம் கேட்காது. என் வழக்கம் முதல் நாள் கூட்டத்தோடு ஒரு தடவை, வசனம் கேட்க அடுத்த வாரம் ஒரு தடவை.

இத்தனையும் படித்துவிட்டு "நாளைக்கு டிக்கெட் போட்டுட்டேன், இன்னிக்கு ராத்திரிதான் நேரம் இருக்கு" என்று ஒருவர் நிச்சயம் வருவார். அவருக்கு: ஆண்டு மலரின் அந்தப் 12 பக்கம், பிறகு நேரே 2016 ஜனவரியின் ஒன்பதாம் இதழ். நடுவில் யார் யாரோ வருவார்கள், கண்டுகொள்ள வேண்டாம், ரீடும் டூமும் பேசும் பக்கங்களை மட்டும் பாருங்கள். முதல் கதை நீங்கள் ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.